தோட்டத்துப் பூவில் வாசனை எண்ணெய்: கொழும்பு வீடுகளுக்கான கேள்வி பதில்

வீட்டுப் பூவிலிருந்து மணம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர் நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டவை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ 30 பாகைச் சூட்டில் அவற்றை அப்படியே செய்தால் பாதி பூஞ்சணம் பிடிக்கும், மீதி உருகி ஓடும். அதனால் நம் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் ஒத்துவரும் வழிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பூவை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் சென்ட் ஆகாதா?

ஆகாது. பூவின் மணத்தைத் தருபவை எண்ணெய்த்தன்மை உள்ள பொருட்கள். தண்ணீரில் அவை மிகக் கொஞ்சம்தான் இறங்கும். தண்ணீருக்குள் நன்றாக இறங்குவது பூவின் நிறமும் இனிப்பும். அது கிருமிகளுக்கு நல்ல விருந்து. இரண்டாம் நாளே புளித்த வாடை அடிக்கும். மணத்தைத் தாங்கிப் பிடிக்க எண்ணெய், கொழுப்பு, மதுசாரம், நீராவி ஆகிய நான்கில் ஒன்று வேண்டும்.

அந்த நான்கில் எது நல்லது?

அதைப் பூதான் தீர்மானிக்கும். மல்லிகையும் நிலச்சம்பங்கியும் பறித்த பிறகும் பல மணிநேரம் மணத்தை உண்டாக்கி வெளியே விட்டுக்கொண்டே இருப்பவை. அவற்றைச் சூடாக்கினால் அந்த வேலை அந்தக் கணமே நின்றுவிடும், வேகவைத்த கீரை வாடைதான் மிஞ்சும். உயிரோடு விட்டு, வெளிவரும் மணத்தைக் கொழுப்பிலோ எள்ளிலோ வாங்கிக்கொள்ள வேண்டும். ரோசா வேறு மாதிரி. அதன் மணம் இதழுக்குள்ளேயே இருக்கிறது, நீராவி பட்டால் இறங்கிவரும். மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும் என்பதால் எண்ணெயில் ஊறவைத்தாலே போதும். வேர்களுக்கு இளஞ்சூடு வேண்டும்.

ஒரே செய்முறையை எல்லாப் பூவுக்கும் போடுவதால்தான் முதல் முயற்சியோடு பலர் கைவிடுகிறார்கள்.

மல்லிகையை எந்த நேரம் பறிக்க வேண்டும்?

பின்னேரம், நான்கு ஐந்து மணிக்கு. மொட்டு பச்சை நிறம் போய் முழு வெள்ளையாகி, நுனி பருத்து, ஆனால் இன்னும் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அன்று இரவே அது விரியும். விரிந்த பிறகுதான் மணம் உச்சத்துக்குப் போகும். காலையில் விரிந்து கிடக்கும் பூ தலையில் வைக்க அழகு, இந்த வேலைக்கு ஆகாது. அதன் மணம் பெரும்பாலும் இரவிலேயே போய்விட்டது.

மழை பெய்த அன்று பறிக்க வேண்டாம். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பரில் இடிமழை. இடையில் இரண்டு நாள் வெயில் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈர மொட்டைக் கழுவவோ பிழியவோ கூடாது. பருத்தித் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி மின்விசிறியின் கீழ் ஒரு மணிநேரம் விடுங்கள்.

கொழுப்பில் மணம் பிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இது பிரான்ஸின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலில் பேர்போன முறை. அங்கே பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் கலந்து கண்ணாடித் தட்டில் பூசினார்கள். நம் வீடுகளில் அது நடக்காது, தேவையும் இல்லை. ஆனால் நம்மிடம் இருக்கும் தேங்காய் எண்ணெய் 24 பாகைக்கு மேல் உருகிவிடும். அறையில் 29, 30 இருக்கும்போது அது தட்டில் குளமாகத்தான் நிற்கும். இரவு பகலாக ஏசி போட்ட அறை உள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் சரிவரும். மின்கட்டணத்தைப் பார்த்தால் கடையில் பிரெஞ்சு சென்ட் வாங்குவது லாபம்.

எனவே கேக் அடிப்பவர்கள் வாங்கும் மணமற்ற வெள்ளை ஷோர்ட்னிங்கை எடுங்கள். மாஜரின் வேண்டாம். அதில் தண்ணீரும் உப்பும் வாசனையும் சேர்ந்திருக்கும். மூடியுள்ள இரண்டு தட்டையான கண்ணாடிப் பாத்திரங்களில் ஷோர்ட்னிங்கை அரை விரற்கடை கனத்துக்குப் பூசி, கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழியுங்கள். கோடு கிழித்தால் பூவின் மணம் ஏறப் பரப்பு கூடும். பின்னேரம் பறித்த மொட்டுகளைக் காம்பு கிள்ளி, ஒன்றோடொன்று முட்டாமல் கொழுப்பின் மேல் அடுக்கி மூடிவிடுங்கள். அழுத்த வேண்டாம். இரவு அவை கொழுப்பின் மேலேயே விரியும்.

மறுநாள் பின்னேரம், ஓரம் பழுப்பாகும் முன், சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதிய மொட்டுகளை வையுங்கள். இங்கே சோம்பல்பட்டால் எல்லாம் போச்சு. ஒரு பூ மறந்து கிடந்து அழுகினாலும் அந்த வாடையைக் கொழுப்பு விசுவாசமாக வாங்கி வைத்துக்கொள்ளும். மூடியின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை மாற்றினால் கொழுப்பு மணக்கத் தொடங்கும். இருபது தடவைக்கு மேல் போனால் இன்னும் நல்லது. அந்தக் கொழுப்பை அப்படியே மணிக்கட்டில் பூசலாம், அல்லது கீழே சொல்லும் கட்டிச் சென்ட்டில் சேர்க்கலாம்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் தட்டை வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மல்லிகை குளிரில் மணம் விடுவது குறையும், நேற்றைய குழம்பின் மணமும் கொழுப்பில் ஏறும்.

எள்ளில் பிடிப்பது என்கிறார்களே, அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். வட இந்தியாவில் மல்லிகை எண்ணெய் பழைய காலத்திலிருந்தே இப்படித்தான் செய்யப்படுகிறது. வறுக்காத எள்ளைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அகன்ற தட்டில் ஒரு படை எள்ளு, ஒரு படை பூ, மறுபடி எள்ளு என்று பரப்புகிறார்கள். ஒரு நாள் கழித்துச் சுளகில் புடைத்துப் பழைய பூவை நீக்கிப் புதிய பூ போடுகிறார்கள். பல தடவை இப்படிச் செய்த பிறகு எள்ளைச் செக்கில் ஆட்டினால் மணக்கும் எண்ணெய் வரும். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பதால் விளைவும் மோசமில்லை. உருகும் தொல்லை கிடையாது, கையில் பிசுபிசுப்பு கிடையாது.

சிக்கல் ஆட்டுவதில்தான். ஒரு கிலோ எள்ளைக் கொண்டுபோனால் எந்தச் செக்குக்காரரும் உங்களுக்காகச் செக்கைத் துடைத்துத் தரமாட்டார். முன்பு ஆட்டிய தேங்காயின் மணமும் கலந்துவிடும். வீட்டில் வைத்து ஆட்டும் சிறிய மின் இயந்திரம் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். இல்லாவிட்டால் எள்ளைக் கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு அரைத்து, தடித்த துணியில் கட்டிப் பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள். வருவது குறைவு, ஆனால் வரும். எள்ளில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் நிச்சயம். பூ மாற்றும் ஒவ்வொரு முறையும் எள்ளை ஒரு மணிநேரம் நிழலில் பரப்பி உலர்த்துங்கள்.

அடுப்பில் பன்னீர் எடுப்பது எப்படி?

பெரிய சட்டியின் நடுவே ஒரு கல்லையோ கவிழ்த்த கிண்ணத்தையோ வைத்து, அதன் மேல் ஒரு வெறும் கிண்ணம். சுற்றிலும் ரோசா இதழ், இதழ் மூழ்கும் அளவு தண்ணீர். மூடியைக் குப்புறப் போட்டு, அதன் குழியில் ஐஸ் கட்டி. மெல்லிய தீயில் வைத்தால் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து நடுக்கிண்ணத்தில் சொட்டும். முதலில் சொட்டுவதுதான் உயர்வு. நேரம் போகப் போக வெறும் தண்ணீர்தான் வரும் என்பதால் அரை மணிநேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கொதிக்கவைத்த சுத்தமான போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை.

பூக்கடை ரோசா இதற்கு உதவாது. நீளக் காம்போடு வரும் அவை பார்வைக்காக வளர்க்கப்பட்டவை. மணமும் இல்லை, மருந்தும் அடித்திருக்கும். முற்றத்தில் நிற்கும் பன்னீர் ரோசா, அதுவும் காலையில் வெயில் ஏறும் முன் பறித்தது, அதுதான் வேண்டும்.

ஆவி வடிக்கும் குழாய் பூட்டிய பாத்திரம் (வாலை) ஒன்றை வாங்கி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்து வீட்டார் அதைப் பன்னீர் என்று நம்பமாட்டார்கள். கசிப்பு என்று பொலிசுக்குச் சொன்னாலும் சொல்வார்கள்.

வேறு எந்தப் பூக்கள் சரிவரும்?

மகிழம்பூ, தொடக்கக்காரர்களுக்கு. விழுந்த பூவைப் பொறுக்கி நிழலில் காயவைத்து எண்ணெயில் போட்டால் போதும். சண்பகத்தைக் கொழுப்பு முறையில் பிடிக்கலாம், ஆனால் இதழ் சீக்கிரம் கறுக்கும் என்பதால் அரை நாளில் மாற்ற வேண்டும். பவளமல்லி விடியலில் தானாக உதிரும். முதல்நாள் இரவே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் மண் படாமல் கிடைக்கும். அதன் செம்மஞ்சள் காம்பு எண்ணெய்க்கு நிறம் கொடுக்கும், துணியில் கறை படும், ஆகவே காம்பை நீக்குங்கள். மனோரஞ்சிதம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிய பிறகுதான் பழ மணம் வரும்.

விகாரைகளிலும் வீட்டு வாசல்களிலும் நிற்கும் அரலியா பூவையும் கொழுப்பில் பிடிக்கலாம். காம்பில் வடியும் பால் தோலை அரிக்கும், பறித்துச் சிறிது நேரம் பால் வடியவிட்ட பிறகு எடுங்கள். கவனம்: சிங்களத்தில் அரலியா என்பது இந்தப் பூ. நாம் அலரி என்று சொல்லும் செவ்வலரி வேறு செடி, அது முழுக்க நஞ்சு. கிட்டவும் போக வேண்டாம். இரவில் மயக்குகிற மாதிரி மணக்கும் ஊமத்தை வகைகளும் அப்படியே.

தேங்காய் எண்ணெயில் சும்மா ஊறவைத்தால் போதாதா?

காய்ந்த பொருளுக்குப் போதும். பச்சைப் பூவுக்குப் போதாது. பச்சைப் பூவின் ஈரம் எண்ணெயின் அடியில் தங்கி அங்கேயே கெடத் தொடங்கும். மகிழம்பூ, வெட்டிவேர், நன்னாரி ஆகிய மூன்றும் எண்ணெய்க்கு நல்லவை. நன்னாரியைக் குடிக்கும் பானமாக மட்டும் தெரிந்தவர்கள், காய்ந்த வேரை இடித்து எண்ணெயில் போட்டுப் பாருங்கள். வனிலா போல ஓர் இனிய மணம் வரும். புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துக் கடைகளில் வேர்கள் கிடைக்கும். வாங்கும்போது கிள்ளி மோந்து பார்த்தே வாங்குங்கள். நாள்பட்ட வேரில் மண் வாடை மட்டும்தான்.

செய்முறை இவ்வளவுதான்: 50 கிராம் வேர், 200 மில்லிலீற்றர் எண்ணெய், கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் நிரம்பிய சட்டியில் இறக்கி, கொதிக்கவிடாமல் இரண்டு மூன்று மணிநேரம் இளஞ்சூடு. பிறகு இரண்டு கிழமை இருட்டில் வைத்து வடிகட்டுங்கள்.

எனக்கு எண்ணெய் வேண்டாம், ஸ்பிரே வேண்டும். எந்த ஸ்பிரிட் போடுவது?

நேராகச் சொல்கிறேன்: வீட்டில் இதைத் தொடங்க வேண்டாம். கடைச் சென்ட்டில் இருப்பது 80, 90 வீதத்துக்குக் கிட்டிய தூய எதனோல். இலங்கையில் மதுசாரம் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்படுகிறது. பாமசியில் கேட்டு வாங்கிவரும் பொருள் அல்ல அது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் யாரும் குடிக்காதபடி வேறு பொருட்கள் கலந்திருக்கும், அந்த வாடையை எந்த மல்லிகையாலும் மறைக்க முடியாது. சாயக்கடை மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் மெதனோல் இருக்கலாம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும் நஞ்சு.

வொட்கா போடலாமா என்றால், அதில் மதுசாரம் 40 வீதம், மீதி தண்ணீர். எண்ணெய் கரையாமல் பால் போலக் கலங்கும். மகிழம்பூவோ வெட்டிவேரோ போட்டு ஊறவைத்தால் மெல்லிய மணம் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். புறக்கோட்டையில் அத்தர் விற்கும் கடைகளைப் பாருங்கள், அங்கே விற்பவையும் மதுசாரம் இல்லாத எண்ணெய்கள்தானே. இந்தச் சூட்டில் ஸ்பிரே பறந்துவிடும், எண்ணெய் நின்று மணக்கும்.

எவ்வளவு பூ வேண்டும்?

நினைப்பதைவிட மிக அதிகம். தொழிற்சாலையில் ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு 3000 கிலோவுக்கு மேல் இதழ் போகிறது. மல்லிகைச் சாறு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 700 கிலோ பூ. நாம் அந்தச் சாற்றைத் தனியே பிரிக்கவில்லை, எண்ணெயில் கொஞ்சம் ஏற்றுகிறோம், அவ்வளவுதான். ஒரு சிறிய தட்டுக் கொழுப்புக்கு நாளுக்கு இரண்டு கைப்பிடி மொட்டு போதும். ஒரு செடி அதைத் தினமும் தராது. மூன்று நான்கு செடி இருந்தால், அல்லது பூ கொடுக்க மனமுள்ள அன்ரி ஒருவர் ஒழுங்கை முனையில் இருந்தால், சமாளிக்கலாம்.

கோயிலில் சாத்திய மாலையைப் பயன்படுத்தலாமா?

சாத்துப்படிப் பூவை என்ன செய்வது என்பது உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. மணத்தின் கணக்கில் பார்த்தால் அதில் ஒன்றும் மிச்சமில்லை. சந்தனமும் கற்பூரப் புகையும்தான் ஏறியிருக்கும். அதற்குப் பதில் செட்டியார் தெருப் பக்கத்துப் பூக்காரரிடம் பின்னேரம் விரியாத மொட்டு கேளுங்கள். தண்ணீர் தெளித்து வைத்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

என் எண்ணெய் ஏன் கடை மல்லிகைச் சென்ட் மாதிரி மணக்கவில்லை?

கடைச் சென்ட் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் செய்த சில பொருட்களின் கலவை, இனிப்பான பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டும். உண்மையான மல்லிகையில் இந்தோல் என்ற பொருளும் உண்டு. அதை மட்டும் தனியே மோந்தால் அழுகல் வாடை, பூவுக்குள் கொஞ்சமாக இருக்கும்போது அதுதான் அந்த இரவு மணத்துக்குக் கனம் கொடுக்கிறது. வீட்டு எண்ணெயில் ஒரு மிருக வாடை தொட்டும் தொடாமலும் வந்தால் பயப்படாதீர்கள், அது மல்லிகைதான்.

மணம் அரை மணிநேரத்தில் போய்விடுகிறதே?

பூ மணம் லேசானது, எழும்பிப் பறக்கும். அதை இழுத்துப் பிடிக்கக் கனமான மணம் அடியில் வேண்டும். வெட்டிவேர் எண்ணெயில் ஒரு பங்கு, மல்லிகை எண்ணெயில் மூன்று பங்கு கலந்து இரண்டு கிழமை இருட்டில் விட்டுப் பாருங்கள். சந்தன எண்ணெய் இன்னும் சிறப்பு, விலைதான் கையைச் சுடும். இந்தியாவின் கன்னோஜில் பூவாவியை நேரே சந்தன எண்ணெய்க்குள் இறக்கித்தான் அத்தர் செய்வது வழக்கம்.

ஊத் (அகில் மணம்) என்று சொல்லி, அகில் போல மணக்கும் வல்லப்பட்டை மரத்தைத் தேடிப் போகாதீர்கள். அந்த மரத்தை வெட்டுவதும் கடத்துவதும் இலங்கையில் குற்றம். கட்டுநாயக்காவில் பிடிபட்டவர்களின் செய்தி அடிக்கடி வருவது.

கறுவா எண்ணெயும் தேசிக்காய்த் தோலும் சேர்க்கலாமா?

கறுவாப்பட்டை எண்ணெய் தோலை எரிக்கும், ஒவ்வாமையையும் கிளப்பும். பூசும் எண்ணெயில் வேண்டாம். ஒரு சிறு துண்டுக் கறுவாவை வேர்களோடு ஊறவைப்பது போதுமானது. தேசிக்காய்த் தோலைப் பிழிந்த எண்ணெய் இன்னும் பொல்லாதது. அது பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்புளித்துக் கறுத்த தழும்பு விழும். காலிமுகத்திடலுக்கு நடக்கப் போகும் நாளில் அதைக் கழுத்தில் பூசிப் பார்க்க வேண்டாம். எதைச் செய்தாலும் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே பூசுங்கள். கைக்குழந்தைகளுக்கும் இழுப்பு உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

கைப்பையில் வைக்கக் கட்டிச் சென்ட்?

ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு மண எண்ணெய், எடைக் கணக்கில். மெழுகை நீர்ச்சட்டிச் சூட்டில் உருக்கி இறக்கி, எண்ணெயைக் கலந்து உடனே சிறிய தகரச் சிமிழில் ஊற்றுங்கள். கொழுப்பு முறையில் எடுத்த மல்லிகையைச் சேர்ப்பதானால் சூடு தணிந்து ஓரம் கட்டியாகத் தொடங்கும்போது சேருங்கள். மெழுகைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் பஸ்ஸில் ஒரு மத்தியானம் போதும், பை முழுக்க எண்ணெய்.

தொடர்மாடி வீடு. மல்லிகை பல்கனியில் வருமா?

நாளுக்கு ஐந்தாறு மணிநேரம் வெயில் விழுந்தால் வரும். பூத்து ஓய்ந்ததும் கிளையை வெட்டிவிடுங்கள், புதுத் துளிரில்தான் அடுத்த மொட்டு. சாடியின் கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்குச் சோதனைக்கு வரும் சுகாதாரப் பரிசோதகர் முதலில் குனிந்து பார்ப்பது அந்தத் தட்டைத்தான். நுளம்பு முட்டை இருந்தால் வழக்கு.

செய்த எண்ணெய் எவ்வளவு காலம் இருக்கும்?

கடும் நிறப் போத்தலில், கழுத்து வரை நிரப்பி, அடுப்படிக்குத் தூரமாக வைத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாது. இரண்டு விற்றமின் ஈ மாத்திரையைக் குத்தி ஊற்றினால் காறல் அடிப்பது தள்ளிப்போகும், பூஞ்சணத்தை அது தடுக்காது. எண்ணெய் கலங்கினாலோ அடியில் துளித்துளியாக நீர் நின்றாலோ மேலுள்ளதை மட்டும் வேறு போத்தலுக்கு மாற்றுங்கள். காறல் வாடை வந்துவிட்டால் உடம்பில் பூச வேண்டாம், கதவுப் பிணைச்சலுக்கு விடலாம். சாமி விளக்குக்கு ஊற்றச் சொல்வார்கள். பூத்துகள் கலந்த எண்ணெயில் திரி கருகிப் புகைக்கும், இரண்டு முறை மெல்லிய துணியில் வடித்த பிறகு ஊற்றுங்கள்.